கொழுந்தும் கணக்கும்: மலைத்தோட்டத் திரைப்படங்கள் சில குறித்த குறுமதிப்பீடுகள்

முன்னுரை

குடும்ப வாய்மொழி வரலாற்றைத் திரட்டி எழுதுமாறு எம் மாணவர்களுக்கு இடுபணி ஒன்றை வழங்கியிருந்தோம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த மாணவி ஒருவர் தம் பாட்டியின் கதையை எழுதி ஒப்படைத்தார். சமவெளிச் சிற்றூரிலிருந்து பல நாள் கால்நடையாகவே மலையேறி வந்தமை, கங்காணியின் பொய்வாக்கு, கொள்ளை நோய், தப்பியோட முயன்றவரின் கால் நரம்பு வெட்டப்பட்டமை ஆகிய அனைத்தும் அதில் இடம்பெற்றிருந்தன. படித்து முடித்தபோது எமக்கு ஓர் ஐயம் எழுந்தது. அக்கட்டுரையிற் பெரும்பகுதி, பாலாவின் 'பரதேசி' திரைப்படக் கதையாகவே இருந்தது.

பின்னர் தானா ராத்தாவில் அப்பாட்டியாரை நேரிற் காணும் வாய்ப்புக் கிட்டியது. பேத்தி எழுதியதைப் படித்துக் காட்டியபோது அவர் சிரித்தார். "என் காலை யாரும் வெட்டலை சார். கூடைக்கு ரெண்டு கிலோ, ஈரத்துக்கு ரெண்டு கிலோன்னு கிராணிதான் தினம் வெட்டுவாரு" என்றார். மழை நாளில் நனைந்த கொழுந்தை நிறுக்கும்போது நீரின் எடையென்றும் கூடையின் எடையென்றும் கழிக்கப்பட்ட அளவையே அவர் 'வெட்டு' என்றார். ஐம்பதாண்டு உழைப்பில் அவர் மறவாது வைத்திருந்தது அந்த நிறுவை மேடையைத்தான்.

பாட்டி உயிருடன் இருக்கையிலேயே பேத்தியின் எழுத்தில் அவருடைய நினைவு நின்ற இடத்தைத் திரைப்படம் பற்றிக்கொண்டுவிட்டது. திரைப்படத்தைப் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிட இயலாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. எனவே மலைத்தோட்டங்களையும் பிற தோட்டங்களையும் தொட்டுச்செல்லும் சில படங்களை, வகையும் காலமும் வேறுபட்டவையாகத் தேர்ந்துகொண்டு, அவற்றைப் பற்றிய எம் கருத்துகளைச் சுருக்கமாக இக்கட்டுரையில் முன்வைக்கிறோம். அளவுகோல் அப்பாட்டியார் தந்ததே: இப்படத்தில் கணக்கு உண்டா? யார் உழைத்தார், யார் நிறுத்தார், யார் கழித்தார், எஞ்சியது யாருக்குப் போயிற்று என்பன திரையிற் புலப்படுகின்றனவா?

1. காதலிக்க நேரமில்லை (1964)

ஸ்ரீதரின் இந்நகைச்சுவைப் படத்தை இவ்வரிசையில் முதலில் வைப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் இதன் கதை எஸ்டேட் முதலாளி ஒருவரின் குடும்பத்தைச் சுற்றியே நிகழ்கிறது. டி. எஸ். பாலையா ஏற்ற விஸ்வநாதன் என்னும் பாத்திரம் மனிதரைப் பணத்தால் மட்டுமே மதிப்பிடுபவர். பொய்யான செல்வந்தத் தந்தையொருவர் வந்து நின்றதும் அவர் குழைவதும் நெளிவதும் செல்வத்தைப் பற்றிய கூர்மையான கேலி. அவ்வகையில் இது கணக்கை அறிந்த படமே.

ஆனால் அச்செல்வம் எங்கிருந்து வருகிறது என்பதைப் படம் காட்டுவதில்லை. எஸ்டேட் வேலையிலிருந்து நீக்கப்பட்ட இளைஞன் முதலாளி வீட்டெதிரே கூடாரமடித்து, வேலை கேட்டுப் போராடுகிறான். தோட்டத் தொழிலாளரின் மிகப் பழைய கோரிக்கை இங்கே ஆட்டமும் பாட்டுமாகி, காதலுக்கு முன்னுரையாகிறது. நாகேஷ் ஏற்ற மகன் பாத்திரமோ படமெடுக்கத் தந்தையிடம் பணம் கேட்டு நச்சரிக்கிறது. எஸ்டேட் வருவாயிலிருந்து திரைப்படம் பிறக்க வேண்டும் என்பதே அவன் கனவு. அந்தப் படத்துள் தோட்டத் தொழிலாளி இடம்பெறுவாரா என்னும் கேள்வி மட்டும் அங்கு எழவில்லை. படத்தின் சிரிப்பு இன்றும் வாடவில்லை என்பதை ஒப்புக்கொண்டே இக்குறையைச் சுட்டுகிறோம்.

2. புதிய காற்று (1975)

இலங்கையில் வி. பி. கணேசன் தயாரித்து நடித்த இப்படம் மலையகத் தோட்டத் தொழிலாளர் வாழ்வைக் கருவாகக் கொண்டது. இது வெளிவந்த காலத்தை எண்ணிப் பார்த்தால்தான் இதன் தேவை விளங்கும். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியிருந்தது. 1964-இன் ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. 1975-இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. அவ்வளவும் அவர்களைக் கேளாமலே அவர்களைப் பற்றி எழுதப்பட்ட கணக்குகள். தென்னிந்தியப் படங்களே திரையரங்குகளை நிறைத்திருந்த சூழலில், தேயிலை மலையை அம்மக்களின் இருப்பிடமாகக் கொண்டு தமிழில் ஒரு படம் எடுக்கப்பட்டதே ஒரு தொடக்கம். அத்தொடக்கத்திற்குப் போதிய தொடர்ச்சி அமையாமற் போனது தமிழ்த் திரைக்கு நேர்ந்த இழப்பு என்றே கருதுகிறோம்.

3. மூன்றாம் பிறை (1982)

பாலு மகேந்திராவின் இப்படம் நீலகிரியின் கேத்தியில் நிகழ்வது. பனியும் மழையும் இயற்கை ஒளியும் இதில் கதைமாந்தர் போலவே இயங்குகின்றன. நினைவிழந்த பெண்ணுக்கும் அவளைக் காக்கும் பள்ளி ஆசிரியருக்கும் மலை ஒரு புகலிடமாகிறது. இறுதியில் இரயில் நிலையத்தில் நினைவு மீண்டு, அன்பு மறக்கப்படும் காட்சியைத் தமிழாசிரியர் எவரும் அறிவர்.

கதைக்கு வேண்டாததைக் காட்டவில்லை என்று ஒரு படைப்பைக் குறைகூறுதல் முறையன்று. எனவே இப்படத்தில் தோட்டக் கணக்கைத் தேடுவது பொருந்தாது. ஆனால் இதன் செல்வாக்கைப் பற்றிப் பேசலாம். மலை என்றால் தனிமை, பனி, காதல் என்னும் உணர்வுத் தொகுதியை இப்படம் மிக அழகாக நிலைநிறுத்தியது. அவ்வழகைக் கடன்பெற்ற எண்ணற்ற பாடற்காட்சிகள் தேயிலைச் சரிவைப் பச்சைக் கம்பளமாக்கின. தேயிலைச் செடி இடுப்பளவு உயரத்தில் கவாத்துச் செய்து நிறுத்தப்படுவது. தொலைவிலிருந்து காணும்போதுதான் அது கம்பளம். நடுவே நிற்பவருக்கு அது முழங்காலைக் கீறும் குச்சிகளே. பின்வந்த படங்களுட் பெரும்பாலானவை கருவியைத் தொலைவிலேயே நிறுத்திக்கொண்டன.

4. செம்மண் சாலை (2005)

தீபக் குமாரன் மேனன் இயக்கிய இம்மலேசியப் படம் 1960-களின் ரப்பர்த் தோட்டத்தில் நிகழ்கிறது. பல்கலைக்கழகம் செல்ல விரும்பும் சாந்தா என்னும் பெண்ணும் அவளுடைய பால்வெட்டுக் குடும்பமுமே கதை. பெரிய மோதல்களோ உரத்த வசனங்களோ இல்லை. காட்சிகள் நிதானமாக நகர்கின்றன; பேச்சு நம் நாட்டுத் தமிழாகவே ஒலிக்கிறது. இந்நிதானம் சிலருக்குச் சலிப்பைத் தரலாம். எமக்கோ அது பொருத்தமாகவே படுகிறது. தோட்ட வாழ்வின் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் ஒரே நாள்தான்.

இப்படத்தின் கணக்கு மிக எளியது. கிடைக்கும் கூலியில் ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கலாமா, ஏனையோர் என்ன செய்வர்? இக்கேள்வி தோட்டப்புறத்தின் ஒவ்வொரு வீட்டிலும் எழுந்தது. வகுப்பறையில் காட்டத்தக்க மலேசியத் தமிழ்ப் படம் எதுவென ஆசிரியர்கள் வினவும்போது நாம் முதலில் பரிந்துரைப்பது இதனையே.

5. பரதேசி (2013)

மருத்துவர் பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வெளிவந்த 'ரெட் டீ' என்னும் புதினத்தையும், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழுக்கு வந்த அதன் வடிவத்தையும் தழுவியது இப்படம். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களே இதன் களம். செழியனின் ஒளிப்பதிவு நிறத்தை வடித்தெடுத்துவிடுகிறது. எனவே இங்கே தேயிலை பச்சைக் கம்பளமாக ஓரிடத்திலும் தோன்றுவதில்லை. அது ஒன்றே பெருஞ்சாதனை எனலாம்.

இதன் உச்சம் என நாம் கொள்வது நரம்பு வெட்டப்படும் காட்சியை அன்று. கணக்குத் தீர்க்கும் காட்சியையே. ஒப்பந்தக் காலம் முடிந்து ஊர் திரும்பும் நம்பிக்கையோடு நிற்பவரிடம் பிடித்தங்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படுகின்றன. முடிவில் உழைத்தவரே கடனாளியாகிறார். சவுக்கை விட ஏடு கொடியது என்பதை அக்காட்சி உணர்த்துகிறது. ஆயினும் இயக்குநர் அதில் நம்பிக்கை வைக்காமல் உடல் வதையை மேன்மேலும் அடுக்குகிறார். பார்ப்போர் நினைவில் தங்குவது வதையே, ஏடு மறைந்துவிடுகிறது. எம் மாணவியின் கட்டுரையிலும் அவ்வாறே நேர்ந்தது.

மற்றொரு குறையையும் கூறியாக வேண்டும். மலைக்கு வரும் கிறித்தவ மருத்துவரைப் படம் மதமாற்றக் கோமாளியாக ஆடவைக்கிறது. மூலநூலாசிரியரான டேனியலோ கிறித்தவர். தோட்ட மருத்துவராகப் பணியாற்றித் தொழிலாளர்க்காகச் சங்கம் அமைத்தவர். தனக்குக் கதை தந்தவரையே இழிவுசெய்யும் இம்மாற்றம் கலைத் தேவையால் எழுந்ததாக எமக்குத் தோன்றவில்லை.

ஆனைமலையின் கதையைக் கேமரன் மலையின் கதையாகக் கொள்வதும் பிழையாகும். கேமரன் மலையில் போ நிறுவனம் தொடங்கப்பட்டது 1929-இல். தாப்பாவிலிருந்து மலைச்சாலை வந்ததும் ஏறத்தாழ அக்காலத்தில்தான். மலாயாவுக்கு உதவிபெற்று வரும் தொழிலாளர் குடிபெயர்வை இந்திய அரசு 1938-இல் தடைசெய்தது. ஆகவே கங்காணி முறையின் அந்திக்காலத்திலேதான் இம்மலையில் தேயிலை வேரூன்றியது. இங்கும் துயர் இருந்தது; ஆனால் அதன் வடிவம் வேறு. ஒரு துயரின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் இரண்டையும் இழந்துவிடுவோம்.

6. ஜகாட் (2015)

சஞ்சய் குமார் பெருமாளின் இப்படத்தில் தோட்டம் இல்லை. தோட்டம் இல்லாமற் போனதன் விளைவே உண்டு. 1990-களின் தொடக்கத்தில், தோட்டங்கள் துண்டாடப்பட்டு வெளியேறியோர் குடியேறிய புறம்போக்குக் குடியிருப்பில் சிறுவன் அப்போய் வளர்கிறான். அடித்தேனும் படிக்கவைத்துவிட முனையும் தந்தை, போதைப் பழக்கத்திலிருந்து மீள முயலும் ஒரு சித்தப்பா, குண்டர் கும்பலிற் சேர்ந்த மற்றொரு சித்தப்பா என மூன்று வழிகள் அவன் முன் கிடக்கின்றன. தலைப்பே மலாய்ச் சொல்லொன்று தோட்டத் தமிழர் நாவில் மருவியதாகும்.

தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். நிறுவை மேடையில் கழிக்கப்பட்டது சில கிலோ என்றால், தோட்டம் விற்கப்பட்டபோது கழிக்கப்பட்டது ஒரு சமூகத்தின் இருப்பிடம். இதனைப் படம் எவ்விடத்தும் விரிவுரையாகச் சொல்வதில்லை. சிறுவனின் முகத்தாலேயே உணர்த்துகிறது. 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் மொழியடிப்படையிலான பிரிவுகள் குறித்துப் பெருவிவாதம் எழுந்து, முடிவில் இப்படமே சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது. தமிழில் எடுக்கப்பட்ட படம் இந்நாட்டுப் படமே என்பது விருது மேடையில் ஒப்புக்கொள்ளப்பட்ட நாள் அது. இதுவரை வந்த மலேசியத் தமிழ்ப் படங்களுள் இதுவே தலையாயது என்பது எம் துணிபு.

7. கபாலி (2016)

பா. இரஞ்சித்தின் இப்படத்தில் ரஜினிகாந்த் ஏற்ற நாயகன் தோட்டத் தொழிலாளரின் உரிமைப் போராட்டத்திலிருந்து எழுந்தவன். கோட்டு அணிவதையே அவன் அரசியலாக்குகிறான். இதனை வெறும் நாயகப் பகட்டு எனத் தள்ளுவோர் 1941-இல் கிள்ளானில் ஆர். எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி கேட்ட அத்தொழிலாளர், துரைமார் முன்னும் தோட்ட அதிகாரிகள் முன்னும் மிதிவண்டியை விட்டு இறங்காமற் செல்லும் உரிமையையும் கேட்டனர். கூலியும் மானமும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் நின்றன. இரஞ்சித்தின் கோட்டு அப்பட்டியலின் தொடர்ச்சியே.

ஆனால் படம் அவ்வரலாற்றை விரைந்து கடந்து துப்பாக்கிச் சண்டைக்குள் நுழைந்துவிடுகிறது. தொழிற்சங்கம் நின்ற இடத்தைக் கும்பல் பிடித்துக்கொள்கிறது. மலேசியாவில் 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. அதன் வெற்றி தோல்விகளில் ஒரு பெருங்கதை உறங்குகிறது. அதனை எழுப்ப இத்துணைப் புகழ்பெற்ற நடிகரும் இத்துணைப் பொருட்செலவும் இருந்தும் வாய்ப்பு நழுவியது. மலேசியத் திரையரங்குகளில் வெளியான வடிவில், நாயகன் காவல்துறையிடம் சரணடைந்தான் என்னும் எழுத்துக் குறிப்பு இறுதியிற் சேர்க்கப்பட்டமையும் நோக்கத்தக்கது. இங்குள்ள பார்வையாளர்க்குக் கதையின் கடைசிக் கணக்கை வேறொரு கை எழுதியது.

8. மேற்குத் தொடர்ச்சி மலை (2018)

லெனின் பாரதியின் இப்படம் ஏலத்தோட்ட மலையைச் சார்ந்தது. மலைக்கும் அடிவாரத்துக்கும் இடையே சுமை தூக்கி நடக்கும் ரங்கசாமிக்குச் சிறிது நிலம் வாங்க வேண்டும் என்பது ஒன்றே ஆசை. சேமித்த பொருளெல்லாம் ஏலக்காய் மூட்டையாகத் தோளில் ஏறுகிறது. அம்மூட்டை மலைச்சரிவில் உருண்டு சிதறும்போது அரங்கில் எவரும் மூச்சு விடுவதில்லை. பின்னர் நிலம் கிடைக்கிறது. விதைக்கும் உரத்துக்கும் பட்ட கடனில் கைவிட்டும் போகிறது. முடிவில் அதே நிலத்தில் நாட்டப்பட்ட காற்றாலைக்கு அவன் காவலாளியாக அமர்கிறான்.

நாம் எடுத்துக்கொண்ட அளவுகோலின்படி இவ்வரிசையில் முதன்மை பெறுவது இப்படமே. இதில் தீயவன் என ஒருவனைச் சுட்டி வெறுப்பது எளிதன்று. கடன் கொடுப்பவர் அன்பாகவே பேசுகிறார். சங்கத் தலைவர்களிலும் உண்மையானவரும் விலைபோனவரும் உள்ளனர். நிலம் கைமாறும் ஒவ்வொரு படியும் ஒரு கூட்டல் கழித்தலாகத் திரையில் நிகழ்கிறது. வதையைக் காட்டாமலே இழப்பை உணர்த்த முடியும் என்பதை 'பரதேசி'யின் அருகில் வைத்துப் பார்க்கும்போது இப்படம் மெய்ப்பிக்கிறது.

9. தி கார்டன் ஆஃப் ஈவினிங் மிஸ்ட்ஸ் (2019)

இது தமிழ்ப் படமன்று. எனினும் கேமரன் மலையையே களமாகக் கொண்டது என்பதால் ஈண்டுச் சேர்த்தோம். தான் துவான் எங்கின் ஆங்கிலப் புதினத்தைத் தழுவித் தைவான் இயக்குநர் டாம் லின் இயக்கியது. ஜப்பானியச் சிறை முகாமிலிருந்து தப்பிய சீனப்பெண், ஜப்பானியத் தோட்டக் கலைஞர் ஒருவரிடம் மாணவியாகச் சேர்கிறாள். போரின் காயமும் மன்னிப்பின் கடினமும் நுட்பமாகக் கையாளப்பட்டுள்ளன. தேயிலைத் தோட்ட உரிமையாளரும் ஒரு பாத்திரமாகிறார்.

சீனருக்கும் ஜப்பானியருக்கும் ஐரோப்பியருக்கும் இப்படத்தில் கடந்தகாலம் உண்டு. கொழுந்து பறிப்போரோ மலைக்காட்சியின் பகுதியாகப் பின்னணியிலேயே நின்றுவிடுகின்றனர். இதனைக் குற்றச்சாட்டாக அன்றி நமக்கான வினாவாகவே கூறுகிறோம். பிறர் தம் நினைவுகளைப் புதினமாக்கினர், புதினம் திரைப்படமாயிற்று. இம்மலையின் தமிழர் நினைவு இன்னும் பாட்டிமாரின் வாய்மொழியிலேயே தங்கியிருக்கிறது.

முடிவுரை

மேற்கண்ட படங்களை ஒருசேர நோக்குங்கால் ஓர் உண்மை புலனாகின்றது. தோட்டத்தை அழகாகக் காட்டிய படங்களும் கொடுமையாகக் காட்டிய படங்களும் ஒரே பிழையைச் செய்யக்கூடும். இரண்டும் அன்றாடத்தை விட்டுவிடக்கூடும். 'செம்மண் சாலை', 'ஜகாட்', 'மேற்குத் தொடர்ச்சி மலை' ஆகிய மூன்றும், 'பரதேசி'யின் கணக்குக் காட்சியும் அப்பிழையிலிருந்து தப்பியவை. எளிய வரவு செலவைத் திரையில் நிகழ்த்த முடிந்தமையே அவற்றின் வலிமை.

இவ்வளவுகோல் நம்மையும் அளக்கும் என்பதை மறந்துவிடலாகாது. இன்று கேமரன் மலைத் தோட்டங்களில் கொழுந்தெடுப்போருட் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். பல சரிவுகளில் விரல்களின் வேலையைக் கத்தரியும் இயந்திரமும் ஏற்றுக்கொண்டன. தமிழர் நகர்ப்புறம் சென்றுவிட்டனர். கங்காணியின் ஏட்டைக் கண்டு கலங்கும் நாம், கடன்பட்டு முகவர் வழியாக இன்று மலையேறி வருபவரின் ஏட்டைத் திறந்து பார்க்கிறோமா? அவரைப் பற்றி ஒரு மலேசியத் தமிழ்ப் படம் வருமாயின், அதுவே நம் முன்னோரைப் பற்றிய சிறந்த படமாகவும் அமையக்கூடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு பரிந்துரை. இப்படங்களை வகுப்பறையில் காட்டுவது நன்று. காட்டிய பின்னர், வீட்டில் உள்ள மூத்தோரிடம் படத்தில் இல்லாதது எது எனக் கேட்டு வருமாறு மாணவரைப் பணிக்கலாம். எம் மாணவி அவ்வாறு மீண்டும் சென்று கேட்டு, தம் கட்டுரையைத் திருத்தி எழுதித் தந்தார். முதல் வடிவினும் அது சிறியது. கண்ணீர் வரவழைக்கும் பகுதிகளும் குறைவு. கால் நரம்பு அதில் இல்லை. கூடைக்கும் ஈரத்துக்குமாக நாள்தோறும் கழிக்கப்பட்ட நான்கு கிலோவை அவர் ஓராண்டுக்குப் பெருக்கிக் கூட்டியிருந்தார்.